நடுவில் நிற்பவன் நேர்மை

(பாகூர்ப் பகுதி உழவர், வணிகர், கைவினைஞர் ஆகியோர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வணிகத்தில் நேர்மை என்றவுடன் எடைக்கல்லும் மரக்காலுமே பலர்க்கும் நினைவில் வருகின்றன. கல்லில் குறைப்பவன் கள்வன்தான். ஆயினும் அவன் சிறு கள்வன். வேறொரு கல்லைக் கொண்டு வந்து வைத்தால் அவன் களவு வெளிப்பட்டுவிடும். இன்றைய பேச்சுக்கு உரியவன் அவனல்லன். இருவர்க்கு நடுவில் நின்று, ஒருவன் சொல்லை மற்றவனுக்கு எடுத்துச் சொல்பவன். ஒருவன் பொருளை மற்றவனுக்கு விலை பேசிக் கொடுப்பவன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காக எழுதித் தருபவன். தரகன், கணக்கன், ஆவணம் எழுதுபவன், மொழிபெயர்ப்பவன், வழக்குரைப்பவன் ஆகிய எல்லாரும் இவ்வகையில் அடங்குவர். இவர்கள் பிழை செய்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு கல் இல்லை. ஏனெனில், ஏமாற்றப்பட்டவன் தான் ஏமாற்றப்பட்டதையே அறியான்.

திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை முடித்த முறையை எண்ணிப் பாருங்கள். 118-ஆம் குறளில் துலாக்கோலைச் சொன்னார். அடுத்த குறளில் சொல்லில் நேரும் கோணலைச் சொன்னார். அதற்கடுத்து, அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகத்தைச் சொன்னார். கோல், சொல், வணிகம் என்னும் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது தற்செயலன்று. கோலின் நடுமுள் கோணினால் எடை பிழைக்கும். நடுவில் நிற்பவன் சொல் கோணினால் வாழ்வே பிழைக்கும். இஃது உயர்வு நவிற்சியன்று என்பதற்குப் புதுவை மண்ணிலேயே ஒரு சான்றுண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சியது. புதுவையில் பிறந்து வளர்ந்தவர்களிலும் அதனை முழுமையாக அறிந்தவர் சிலரே.

பிரஞ்சு வணிகக் கும்பினியார் புதுவையில் கடை விரித்த காலம். அவர்கள் கப்பலேற்றிச் செல்ல விரும்பியவற்றுள் தலையாயது துணி. அத்துணியோ கோட்டைக்குள் நெய்யப்படுவதன்று. ஊர்ப்புறங்களில் நெசவாளர் நெய்ததனைத் திரட்ட வேண்டும். முன்பணம் கொடுக்க வேண்டும். குறித்த நாளுக்குள் கொணர வேண்டும். சாயக்காரரோடும் வண்டிக்காரரோடும் பேச வேண்டும். பிரஞ்சுக்காரர்க்குத் தமிழ் தெரியாது. நெசவாளர்க்குப் பிரஞ்சு தெரியாது. ஆகவே நடுவில் ஒருவன் வேண்டியிருந்தது. அவனைத் தலைமைத் தரகன் என்றனர். துபாசி என்று நாட்டார் வழங்கியதும் அவ்வகைப் பணியாளரையே. இரு மொழியாளன் என்பதே அச்சொல்லின் பொருள்.

1708-ஆம் ஆண்டில் அப்பதவிக்கு நயினியப்பப் பிள்ளை வந்தார். ஆளுநர் எபேர் என்பவரே அவரை அமர்த்தினார். நயினியப்பர் தனி வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டியவர். புதுவைத் தமிழரிடையே அவர் சொல் செல்லுபடியாயிற்று. அவர் கிறித்தவர் அல்லர். அப்பதவியில் கிறித்தவர் ஒருவரே அமர வேண்டும் என்று புதுவையிலிருந்த இயேசு சவைத் துறவியர் இடைவிடாமல் வற்புறுத்தி வந்தனர். தொடக்கத்தில் எபேர் அதற்கு உடன்படவில்லை. தரகரின் திறமையால் வணிகம் செழித்ததை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

1713-இல் எபேர் பதவியிழந்தார். 1715-இல் மீண்டும் புதுவைக்கு வந்தார். வரும்பொழுது பழைய எபேராக வரவில்லை. பதவியை மீட்டுக்கொள்ளப் பிறர் தயவை நாட வேண்டியிருந்தது. தயவினால் பதவி பெற்றவன் அத்தயவுக்கு விலை கொடுக்க வேண்டியவனாகிறான். அவ்விலையைத் தன் மடியிலிருந்து எவனும் கொடுப்பதில்லை. எபேர் கொடுத்த விலை நயினியப்பர்.

1716-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் நயினியப்பர் சிறைப்பட்டார். கொடுங்கோன்மை புரிந்தார், ஆட்சிக்கெதிராக மக்களைக் கிளப்பினார் என்பன அவர்மேல் சாற்றப்பட்ட குற்றங்கள். வழிபாட்டுக்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து 1715-இல் தமிழ்மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறியிருந்தனர். அதனைத் தூண்டியவர் இவரே என்றனர். சில மாதங்களில் உசாவல் முடிந்தது. கடைத்தெருவில் பலர் காண ஐம்பது கசையடி, 8,888 வராகன் தண்டம், மூன்றாண்டுச் சிறை, அதன்பின் நாடு கடத்தல். உடைமைகள் பறிக்கப்பட்டன. மக்களும் நாடு கடத்தப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் சிறைப்பட்டார். நேற்றுவரை எந்தக் கடைத்தெருவில் அவர் வண்டி வந்தால் வணிகர் எழுந்து நின்றனரோ, அந்தக் கடைத்தெருவிலேயே அவர் முதுகில் கசை விழுந்தது. 1717-இல் அவர் சிறைக்குள்ளேயே உயிர் துறந்தார்.

இதுவரை சொல்லப்பட்டது, வல்லாட்சியாளன் ஒருவன் எளியவனை மிதித்த கதைபோல் தோன்றும். அஃது அவ்வளவே ஆயின் இந்த அவையில் இவ்வளவு நேரம் அதற்குச் செலவிட வேண்டியதில்லை. வல்லாட்சி எந்நாட்டில் இல்லை? ஈண்டு நோக்க வேண்டியது அந்த உசாவல் நடந்த முறை.

நயினியப்பர்க்குத் தமிழ் தெரியும். வணிகத்தில் அக்காலத்தில் பெருக வழங்கிய போர்த்துக்கீசும் தெரியும். பிரஞ்சு தெரியாது. உசாவல் குறிப்புகள் பிரஞ்சில் எழுதப்பட்டன. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் நின்றான். அவன் யாருடைய ஆள்? குற்றஞ்சாட்டப் பின்னின்று தூண்டியவர்களிடம் பணிபுரிந்த தலைமை வேதியர் ஒருவரின் மகன். பிரான்சு சென்று மீண்டவன், மொழியறிவில் குறைவில்லாதவன். அவன் மொழி பெயர்த்தது சரியா, தவறா என்று சொல்லக்கூடியவர் அந்த அறையில் எவருமிலர். அதாவது, கோலும் அவன் கையில். கல்லும் அவன் கையில்.

சான்றாளர் நிலை இன்னும் இழிவானது. தமிழர் பலர் நயினியப்பர்க்கெதிராகச் சான்று சொன்னதாக ஏடுகளில் பதிவாயிற்று. பிற்பாடு மறு உசாவல் நடந்தபொழுது அவர்களுட் பலர் உண்மையைச் சொன்னார்கள். பிரஞ்சில் எழுதிய தாளைத் தம் முன் நீட்டினர். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அறியாமலே கையொப்பமிட்டோம் என்றார்கள். ஐயன்மீர், இச்செய்தியைக் கேட்கும்பொழுது இந்த அவையில் ஒருவரேனும் தம் தாத்தனையோ தந்தையையோ நினைக்காமல் இரார். வட்டிக்கடையில், ஆவண அலுவலகத்தில், கூட்டுறவு வங்கியில், மருத்துவமனையில், "இங்கே போடு, இங்கேயும் போடு" என்று விரல் நீட்டிக் காட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டவர்கள் அவர்கள். 1716-இன் சான்றாளர்க்கும் அவர்களுக்கும் வேறுபாடு ஆண்டுக் கணக்கில்தான்.

குற்றஞ்சாட்ட வைத்தவர் எபேர். தீர்ப்பளித்த உயர்மன்றில் தலைமையில் அமர்ந்தவரும் எபேர். மன்றில் உடனிருந்த மற்றவர்கள் கும்பினியின் அலுவலர்கள். அவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. கணக்கெழுதும் கையாலேயே தீர்ப்பிலும் கையொப்பமிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் செயலில் தனித்தனியே ஒவ்வொருவன் பங்கும் மிகச் சிறியது. மொழிபெயர்த்தவன் பத்துச் சொற்களை மாற்றியிருப்பான். எழுதியவன் தாளைத் திருப்பிப் படித்துக் காட்டாமல் விட்டிருப்பான். மன்றில் இருந்தவன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருப்பான். ஒவ்வொருவனும் தன் தொழிலில் சிறிதே வழுவினான். எல்லாம் சேர்ந்தபொழுது ஒரு மாந்தன் சிறையில் செத்தான்.

நயினியப்பரைத் தூயவராக்கிக் காட்டுவது இவ்வுரையின் நோக்கமன்று. கும்பினிக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று பெரும்பொருள் ஈட்டிய ஒருவர்மேல் நெசவாளர்க்கும் சிறு வணிகர்க்கும் மனக்குறை இருந்திருக்கலாம். முன்பணம் கொடுக்கும் கை எப்பொழுதும் மென்மையாக இருப்பதில்லை. அவர் தவறியிருந்தால் அதை அவர் அறிந்த மொழியில், அவர்க்கு எதிரில், சான்று காட்டி நாட்டியிருக்க வேண்டும். குற்றவாளிக்கும் நேர்மையான மொழிபெயர்ப்பாளன் வேண்டும். நல்லவனுக்கு மட்டுமே நேர்மை காட்டுவது நேர்மையன்று, நட்பு.

அந்தக் குடும்பத்தார் வாய்மூடி இருக்கவில்லை. பிரான்சுக்கு முறையீடுகள் அனுப்பினர். நயினியப்பரோடு வணிகம் செய்து அவர் நாணயத்தை அறிந்திருந்த செயின்-மாலோ நகரத்துப் பிரஞ்சு வணிகர்கள் அவர்க்காகப் பேசினர். இதனைக் கருத்தில் கொள்ளுங்கள். பிரஞ்சுக்காரன் கெடுத்தான், தமிழன் கெட்டான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய கதையன்று இது. கெடுத்த மொழிபெயர்ப்பாளன் தமிழன். காக்க முற்பட்டவர்களுள் பிரஞ்சு வணிகரும் இருந்தனர். அவர்களை அவர்பால் நிறுத்தியது இனப்பற்றோ மொழிப்பற்றோ அன்று. ஆண்டுக்காண்டு குறித்த நாளில் குறித்த சரக்கைக் கொடுத்த ஒருவரின் சொல்லில் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை. இறந்த பின்னும் ஒரு வணிகனுக்காகக் கடல் கடந்து வந்து பேசியது அவனுடைய பழைய கணக்கு.

எபேர் பதவியிறக்கப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. 1720-இல் நயினியப்பர்மேல் வழங்கிய தீர்ப்பு செல்லாதென்றாயிற்று. அவர் மகன் குருவப்பர் பிரான்சு சென்று, அங்குக் கிறித்தவம் தழுவி, புனித மிக்கேல் பெயரால் வழங்கிய வீரர் பட்டமும் பெற்று, 1722-இல் புதுவைக்கு மீண்டு தந்தை இருந்த பதவியில் அமர்ந்தார். ஈராண்டுக்குப்பின் இறந்தார். இறந்தவர்க்குக் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. மகனுக்குப் பட்டமும் வந்தது. கசையடி பட்ட முதுகுக்கு எதுவும் வரவில்லை.

அக்குடும்பத்தின் கதை அங்கு முடியவில்லை. சிறைப்பட்ட மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன் ஆனந்தரங்கர். 1709-இல் பிறந்தவர். மாமன் கசையடி பட்ட ஆண்டில் ஏறத்தாழ ஏழு அகவைச் சிறுவர். பிற்காலத்தில் அவரே ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார். 1736-ஆம் ஆண்டு செப்தம்பர் 6-ஆம் நாள் தொடங்கி 1761-இல் இறக்குமளவும் தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் தமிழில் எழுதி வைத்தார். எந்தக் கப்பல் எந்நாழிகையில் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கிற்று, துணி என்ன விலை, ஆளுநர் மாளிகையில் எவன் எவனைப் பற்றி என்ன சொன்னான் என்பதெல்லாம் அதிலுண்டு. தலைமைத் துபாசிப் பதவிக்கு எவரெவர் எவ்வளவு தர முன்வந்தனர், ஆளுநரின் மனைவி அதில் கொண்ட நாட்டம் என்ன என்பதையும் அவர் மறைக்கவில்லை. தமக்கு வந்த அன்பளிப்புகளையும் எழுதினார். அக்காலத்தில் அவை வழக்கம். அந்த வழக்கத்துக்கு இன்று கையூட்டு என்று பெயர். ஆனந்தரங்கர் அதிலிருந்து முற்றிலும் விலகி நின்றார் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆயினும் ஒன்றுண்டு. மாமன் பட்ட பாட்டினால்தான் அவர் நாட்குறிப்பு எழுதினார் என்று அவர் சொல்லவில்லை. பிறரும் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அயலார் ஏட்டில் அயல்மொழியில் எழுதப்பட்டதனால் அழிந்த குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், தம் ஏட்டில் தம் மொழியில் நாளும் நாழிகையும் குறித்து எழுதி வைத்தார் என்பது வரலாறு. அவ்வேடு 1846-இல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. இன்று அக்காலப் புதுவையை அறிய விரும்பும் பிரஞ்சுக்காரனும் அந்தத் தமிழ் ஏட்டைத்தான் புரட்ட வேண்டியுள்ளது.

இனி, கோட்டையை விட்டு வயல்வெளிக்கு வருவோர்க்கு இக்கதை எவ்வாறு பொருந்தும் என்று பார்க்கலாம். 1749, 1750 ஆண்டுகளையொட்டி, சந்தா சாகிபுவோடு துய்ப்ளே கொண்ட உறவினால் வில்லியனூர்ப் பகுதியும் பாகூர்ப் பகுதியும் பிரஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்தன. 1752-இல் பாகூர் வெளியிலேயே ஆங்கிலப் படையும் பிரஞ்சுப் படையும் மோதின. யார் வென்றாலும் விதைநெல்லைத் தின்றவர்கள் இரு படையினருமே. போரோடு ஒழிந்திருந்தால் நன்று. அதன்பின் வந்தது எழுத்து. நிலம் வாங்குதல், விற்றல், பாகம் பிரித்தல், ஈடு வைத்தல் ஆகிய பலவும் பிரஞ்சில் எழுதப்பட்டன. நொத்தேர் என்று மக்கள் வழங்கிய ஆவண அலுவலர்முன் போய் நிற்க வேண்டும். அவர் படிப்பார், ஒருவர் தமிழில் சொல்வார், உழவர் தலையசைப்பார். அந்த ஒருவர் நேர்மையானவராய் இருந்த இடத்தில் வரப்பு வரப்பாக நின்றது. அவர் வழுவிய இடத்தில் ஏர் பூட்டியவன் குத்தகைக்காரன் ஆனான். வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் பெட்டியடியில் பிரஞ்சு ஆவணங்கள் கிடக்கின்றன. நிலத்துக்கு உடையவன் அதைத் தொட்டுக் கும்பிடுகின்றான்; படிக்க முடிவதில்லை.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954-ஆம் ஆண்டு அக்தோபர் 18-ஆம் நாள் மக்களின் படிநிகராளர் 178 பேர் கூடி, பிரஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்தனர். 170 பேர் ஆம் என்றனர். எண்மர் அல்ல என்றனர். அந்த 178 பேர்க்கும் தாம் எதற்கு வாக்களிக்கின்றோம் என்பது தெரிந்திருந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியும் ஆயிற்று. பிரஞ்சு போயிற்று. பிரஞ்சு இருந்த நாற்காலியில் பெரும்பாலும் ஆங்கிலம் வந்தமர்ந்தது. நடுவில் நிற்பவன் மட்டும் அப்படியே நிற்கின்றான்.

அவன் இன்று எங்கெங்கு நிற்கின்றான்? நெல் விற்கும் களத்தில் ஈரப்பதம் காட்டும் கருவியோடு நிற்கின்றான். அரசின் கொள்முதல் வரையறைப்படி ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கருவியில் எண் தோன்றும். அவ்வெண்ணைப் பார்ப்பவன் அவன் ஒருவனே. "பத்தொன்பது" என்று அவன் சொன்னால் உழவன் மூட்டையை அவிழ்த்து மீண்டும் காய வைக்கின்றான். அல்லது விலையைக் குறைத்துக்கொள்கின்றான். அந்த எண்ணை உழவன் பக்கம் திருப்பிக் காட்டுவதற்கு எத்தனை நொடி ஆகும்? திருப்பாத கையைத் திருப்பச் சொல்லும் துணிவு உழவனுக்கும் வேண்டும். மரியாதைக் குறைவென்று எண்ணி அவன் கேட்காமல் இருக்கின்றான். கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்டதற்குச் சினந்தால் அதுவே விடை.

மின்னெடைப் பொறிக்கும் இது பொருந்தும். எடைப்பொறிகளைக் குறித்த காலத்துக்கொருமுறை சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் விதி. முத்திரை பொறியின் எப்பக்கம் இருக்கும், எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்தறிந்தவர் இந்த அவையில் எத்தனை பேர்? பழைய மரக்காலின் வாயைத் தடவிப் பார்த்து இரும்புப் பட்டம் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்த கைகள் இவை. சிவப்பு எண்கள் ஒளிர்ந்தவுடன் அக்கைகள் கட்டுண்டு நின்றுவிட்டன.

வில்லியனூர்ச் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை அறிவீர்கள். அக்குறியீடு அழகுக்கு ஒட்டும் தாளன்று. இம்மண்ணில், இவ்வூர்க் கைகளால், இம்முறையில் செய்தது இது என்று காணாத ஒருவனுக்குக் கொடுக்கும் வாக்கு. வாங்குபவன் தில்லியிலோ பிரான்சிலோ இருப்பான். வில்லியனூர்க் களிமண்ணின் நிறத்தை அவன் அறியான். வேறூர் அச்சில் வார்த்த பொம்மையை வாங்கி, அதன் அடியில் வில்லியனூர்ப் பெயரை ஒட்டி விற்பவன் ஒருவன் தோன்றினால், அவன் திருடுவது வாங்குபவன் பணத்தை மட்டுமன்று. பக்கத்துச் சூளையில் விடியலிலிருந்து விறகடுக்கிக்கொண்டிருக்கும் குயவர் பெயரையும் சேர்த்தே திருடுகின்றான். அதைக் கண்டும் காணாமல் விற்றுத் தரும் தரகனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

படித்த இளைஞர்கள் இங்கே பலர் இருக்கின்றனர். அவர்கட்கு ஒரு சொல். இன்று ஊர்ப்புறத்தில் புதிய துபாசிகள் நீங்களே. அண்டை வீட்டு மூதாட்டிக்கு வங்கிப் படிவம் நிரப்பித் தருபவர் நீங்கள். கைப்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தியைப் படித்துச் சொல்பவர் நீங்கள். கருவியில் அவர் விரலைப் பிடித்து அழுத்தி முதியோர் உதவித்தொகையை எடுத்துத் தருபவரும் உங்களுள் இருக்கக்கூடும். "என்னப்பா எழுதியிருக்கு?" என்று அவர் கேட்கும்பொழுது, "ஒன்றுமில்லை ஆயா, கையெழுத்தைப் போடு" என்று சொல்லாதீர்கள். அந்த ஒற்றைச் சொல்தான் 1716-இல் சான்றாளர்க்கும் சொல்லப்பட்டது. நேரமாகும், பொறுமை வேண்டும், கடைசி வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வந்தால், தெரியவில்லை, கேட்டு வருகின்றேன் என்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் மொழிபெயர்ப்பாளன் காசு வாங்காமலே பொய் சொல்பவன்.

தமிழில் எழுதிவிட்டால் பொய் ஒழிந்துவிடுமா என்று கேட்போர் உளர். ஒழியாது. தமிழிலும் பொய் எழுதலாம்; எழுதிக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆனால், தமிழில் எழுதிய பொய்யைப் பள்ளியில் எட்டாவது படிக்கும் பேத்தி படித்துக் கண்டுபிடித்துவிடுவாள். புரியாத மொழியில் எழுதிய பொய்யைக் கண்டுபிடிக்க இன்னொரு நடுவனைத் தேடிப் போக வேண்டும். அவனுக்கும் கூலி கொடுக்க வேண்டும். வேறுபாடு அதுதான்.

இவ்வுண்மையைப் பாகூர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. பாகூர்ச் செப்பேடு என்று வரலாற்றார் போற்றும் பல்லவர் ஆவணம் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டுக்குரியது, ஒன்பதாம் நூற்றாண்டினது. அப்பொழுது இவ்வூரின் பெயர் வாகூர். இங்கிருந்த உயர் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கிய செய்தி அதிலுள்ளது. இன்று பேருந்து நிற்கும் இவ்வூரில் அன்று பல கலைகளைக் கற்பித்த கல்விச்சாலை ஒன்றிருந்தது என்பதையே பலர் அறியார். அது கிடக்கட்டும். அந்த ஏட்டில் இரு மொழிகள் உள்ளன. மன்னர் குலத்தைப் புகழ்ந்து பாடும் பகுதி வடமொழி. கொடுக்கப்பட்ட நிலம் எது, அதன் எல்லைகள் எவை, எவ்வரிகள் நீக்கப்பட்டன என்னும் பகுதி தமிழ். புகழ்ச்சிக்கு எம்மொழியும் போதும் போலும்! வரப்பு எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் உழவன் மொழியின்றி முடியாது என்பதைப் பல்லவ அரசனின் அலுவலரும் அறிந்திருந்தனர்.

அக்காலத்து முறை இதுதான். அரசன் ஓலை நாட்டாரிடம் வரும். நாட்டார் அதை ஏற்று, நிலத்தைச் சுற்றி நடந்து, எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டு, அதன்பிறகே ஆவணத்தை உறுதி செய்வர். படித்துக் கேட்டார்கள், காலால் நடந்தார்கள், கண்ணால் கண்டார்கள், பிறகு ஒப்பினார்கள். எழுத்தறியாதவனும் கள்ளிச்செடியைக் கண்டு எல்லையை அறிந்தான்.

பழைய தமிழாவணங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில், இவை இன்னான் எழுத்து என்று கையொப்பங்கள் வரிசையாக இருக்கும். கொடுத்தவனும் அறிந்தவனும் மட்டுமல்லன், எழுதியவனும் பெயர் சொல்வான். பின்னாளைய நிலவோலைகளிலும் ஆவணம் எழுதியவன் தன் பெயரைக் கடைசியில் எழுதினான். இன்று அயல்மொழியில் அச்சிட்ட படிவத்தின் அடியில் எல்லார் கையொப்பத்துக்கும் கோடு இருக்கின்றது. படித்துச் சொன்னவன் பெயருக்குக் கோடில்லை. அந்தக் கோட்டை எவரும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. "மேற்கண்டதைத் தமிழில் படித்துச் சொன்னவர்" என்று ஒரு வரி எழுதி, நாளையும் போட்டு, அடியில் பெயரை இடச் சொல்லுங்கள். படித்துச் சொல்பவன் தயங்கினால் கையொப்பமிட வந்தவன் பேனாவை மூடிக்கொள்ளட்டும்.

பாகூர்ச் செப்பேட்டைச் செதுக்கியவன் ஒரு பொற்கொல்லன். நிலம் அவனுடையதன்று, கொடை அவனுடையதன்று, ஆணையும் அவனுடையதன்று. உளி பிடித்த கை மட்டுமே அவனுடையது. ஏட்டின் முடிவில், இதைப் பொறித்தவன் இன்ன குடியிற் பிறந்த இன்னான் என்று தன் பெயரையும் செம்பில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். அது இன்றும் அழியாமல் இருக்கின்றது.